நின்று பார்க்க ஒரு நரகம்

1982-ல் சீனப் புத்தாண்டு விடுமுறையின்போது அப்பாயி என் கையைப் பிடித்துக்கொண்டு நரகத்துக்குள் கூட்டிப்போனார். எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்தார். வருடத்தில் அவருக்குத் தொடர்ந்தாற்போல் இரண்டு நாள் ஓய்வு கிடைப்பது சீனப் புத்தாண்டுக்குத்தான். அம்மா புளிச்சோறு கட்டி எடுத்துக்கொள்ள, குடும்பமாகப் பேருந்து ஏறி பாசிர் பாஞ்சாங் சாலையில் இறங்கினோம். ஹாவ் பார் வில்லாவுக்கு அன்று நுழைவுச்சீட்டு கிடையாது. அதனால்தான் எங்களைப் போன்ற வீடுகளுக்கு அது சொந்தத் தோட்டம் மாதிரி இருந்தது.

குன்று முழுக்கச் சிலைகள். நீலம், பச்சை, சிவப்பு, குங்குமப்பூ நிறம். சிரிக்கிற புத்தர், சண்டை போடும் குரங்கு வீரன், பெண்ணின் தலையும் நண்டின் உடலுமாக ஒன்று. தூரத்திலிருந்து அந்த வண்ணங்களைப் பார்த்ததுமே அப்பாயி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார். "அம்மா, இது கோயில் இல்லம்மா" என்றார் அப்பா. அப்பாயி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மன்னார்குடிப் பக்கத்துக் கோபுரங்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர். சுதையில் செய்து வண்ணம் பூசிய உருவங்கள் அடுக்கடுக்காக நின்றால் அங்கே தெய்வம் இருக்கும் என்பது அவர் கணக்கு. அன்று பொழுதுக்கும் வெறுங்காலோடுதான் நடந்தார்.

அந்தத் தோட்டத்தைக் கட்டியவர்கள் தைல வியாபாரிகள். ஆவ் பூன் ஹாவ், ஆவ் பூன் பார் என்ற அண்ணன் தம்பி இருவரும் ரங்கூனில் பிறந்தவர்கள். ஒருவர் பெயரில் புலி, இன்னொருவர் பெயரில் சிறுத்தை. அண்ணன் பெயரில் இருந்த புலிதான் டைகர் பாம் டப்பியின் மூடியில் இருக்கிறது. தம்பிக்காக அண்ணன் 1937-ல் இந்தக் குன்றில் ஒரு மாளிகை கட்டினார். மாளிகையைச் சுற்றி, தான் கேட்டு வளர்ந்த கதைகளையெல்லாம் கம்பியும் சிமென்டும் வைத்துச் செய்யச் சொன்னார். போர் வந்தது. தம்பி பர்மாவுக்குப் போய் அங்கேயே 1944-ல் இறந்தார். கடலைப் பார்க்க வசதியான குன்று என்பதால் ஜப்பானியப் படை அங்கே காவல் இருந்தது. போர் முடிந்து திரும்பிய அண்ணன் சிதைந்த மாளிகையை இடித்துப்போட்டார், தோட்டத்தை விடவில்லை. 1954-ல் சாகும்வரை சிலைகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். தம்பி போன பிறகும் தம்பியின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஒரு மனிதர் என்றுதான் நான் அவரை நினைத்துக்கொள்வேன்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் கோடாலித் தைலத்துக்குப் பக்கத்தில் அந்தப் புலி டப்பியும் இருக்கும். அதனால் அப்பாயிக்குத் தோட்டத்துக்காரர்கள் அந்நியர்களாகத் தெரியவில்லை. "தலவலிக்குத் தைலம் குடுத்த புண்ணியவான் கட்டுனதா" என்று கேட்டுக்கொண்டார்.

நரகத்தின் பத்து மன்றங்கள் மாடம் மாடமாக இருந்தன. ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரச் சிலைகள். என்ன குற்றம், என்ன தண்டனை என்று ஆங்கிலத்திலும் சீனத்திலும் பலகை. அப்பா ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்துத் தமிழில் சொல்வார். அதை அப்பாயி தன் நரகத்துக்கு மாற்றிச் சொல்வார். வாடகை கொடுக்காமல் ஏமாற்றியவனை உரலில் போட்டு இடிக்கிறார்கள். அநியாய வட்டி வாங்கியவனைக் கத்தி மலையில் எறிகிறார்கள். புறம் பேசியவனின் நாக்கை இடுக்கியால் பிடுங்குகிறார்கள். "எண்ணெக் கொப்பரைய எங்கயாச்சும் வச்சிருப்பானுவ, பாரு" என்று அவர் தேடிக்கொண்டே வந்தார்.

எட்டாவது மன்றத்தில் அப்பா வாசித்தார்: "பரீட்சையில காப்பி அடிச்சா குடல உருவுவாங்களாம்." அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் நான் சொல்வதெழுதுதலில் பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்துக் 'காற்று' என்று எழுதியிருந்தேன். நான் எழுதியது முதலில் 'காட்று'. அழித்துவிட்டு மாற்றினேன். அந்த மாடத்தில் ஒருவன் மல்லாந்து கிடந்தான். வயிறு திறந்திருந்தது. சிவப்புப் பெயிண்ட் பூசிய குடல் பூதத்தின் கையில் கயிறு போலத் தொங்கியது. பெயிண்ட் அப்போதுதான் அடித்திருப்பார்கள்போல, ஈரமாக மின்னியது. என் உள்ளங்கை வியர்த்துவிட்டது. அப்பாயி என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பேருந்தில் திரும்பும்போது காதருகே குனிந்து, "பள்ளிக்கூடம் தொறந்ததும் டீச்சர்ட்ட சொல்லிப்புடு. அப்பறம் அங்க உன் பேரு இருக்காது" என்றார். சொன்னேன். டீச்சர் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுத் தலையைத் தடவிக்கொடுத்தார்.

ஐந்தாவது மன்றத்தில் அப்பாயி நீண்ட நேரம் நின்றார். மேடையில் தாடியோடு ஒரு ராஜா. பக்கத்தில் ஏட்டோடு ஒருவர். "இவரு நம்ம எமதர்மன்தான்டி. அந்தக் கணக்குக்காரரு சித்திரகுப்தன். உடுப்புதான் வேற" என்றார். ராஜாவின் பெயர் யென்லுவோ என்று அப்பா பலகையைப் பார்த்துச் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. சீனர்களின் சாமியை நம்முடையது என்கிறாரே, யாராவது கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று. பல வருடங்கள் கழித்துத்தான் படித்தேன்: பௌத்தத்தோடு சேர்ந்து சீனாவுக்குப் போன யமராஜாதான் அங்கே யென்லுவோ வாங் ஆனார். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயி முகத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்திருக்கிறார்.

இன்னொரு சிலையையும் சொல்லியாக வேண்டும். பல்லெல்லாம் போன மாமியாருக்கு மருமகள் தாய்ப்பால் கொடுக்கிற சிலை. பெற்றோரைப் பேணுவது பற்றிய பழைய சீனக் கதை அது. வெள்ளைக்காரப் பயணிகள் அதைப் படம் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மாவும் அப்பாயியும் அதன் முன்னால் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். வீட்டில் அவர்களுக்குள் அடிக்கடி மனத்தாங்கல் வரும். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து அப்பாயி, "வெயிலா இருக்கு, நெழலுக்கு வாம்மா" என்று அம்மாவின் தோளைத் தொட்டுக் கூட்டிப்போனார். அவர் அம்மாவை 'வாம்மா' என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எண்பதுகளின் பிற்பகுதியில் தோட்டம் மூடப்பட்டது. 1990 அக்டோபரில் புதுப் பெயரோடு திறந்தது: ஹாவ் பார் வில்லா டிராகன் வேர்ல்ட். செலவு 8 கோடி வெள்ளி. எனக்குப் பதினாறு வயது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பழைய தோட்டத்தின் பெயரைச் சொல்லவே எனக்குக் கூச்சமாகியிருந்தது. வகுப்பில் அமெரிக்காவின் டிஸ்னிலேண்டுக்குப் போய்வந்த பிள்ளைகள் கதை சொல்வார்கள். நமக்கு என்ன இருக்கிறது, பெயிண்ட் உரியும் பூதங்களா என்று நினைப்பேன். இப்போது நமக்கும் ஒரு கேளிக்கைப் பூங்கா வந்துவிட்டது, அதில் படகுச் சவாரி, அரங்குகள், தண்ணீரில் வழுக்கி விழும் சவாரி எல்லாம் இருக்கிறது என்று தோழிகளிடம் நானே பெருமை பேசினேன். பழசை எடுத்துவிட்டுப் புதுசு வைக்கட்டும் என்று அன்று யாராவது வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் முதல் கை என்னுடையதாகத்தான் இருந்திருக்கும்.

1991 ஆண்டிறுதி விடுமுறையில் போனோம். இந்த முறை சீட்டு வாங்க வேண்டும். அப்பா போனஸ் பணத்தில் ஐந்து பேருக்கு வாங்கினார். 60 மீட்டர் நீள டிராகன் ஒன்று படுத்திருந்தது. அதன் உடலுக்குள் தண்ணீர் ஓடியது. படகில் உட்கார்ந்து பத்து மன்றங்களையும் பார்த்துக்கொண்டு போகலாம். அப்பாயிக்கு எழுபது தாண்டியிருந்தது. படகில் கால் வைக்கத் தயங்கினார். அங்கே வேலை பார்த்த ஒரு மலாய்ப் பையன் கைகொடுத்து உட்காரவைத்தான். உள்ளே இருட்டு, சத்தம், திடீர் திடீரென்று வெளிச்சம். நானும் தம்பியும் கத்தினோம். நன்றாகத்தான் இருந்தது.

வெளியே வரப்போகும் நேரத்தில் அப்பாயி என் கையைப் பிடித்தார். "அவரு எங்கடி?"

"யாரு அப்பாயி?"

"நம்ம எமதர்மன்."

"தாண்டிட்டோம் அப்பாயி."

அவர் திரும்பிப் பார்த்தார். படகு நிற்கவில்லை. படகு நிற்காது. அது யார் தவறும் இல்லை, படகின் இயல்பு அது. பின்னால் அடுத்த படகு வருகிறது, அதற்குப் பின்னால் இன்னொன்று. ஒரு கிழவி ஒரு பிள்ளையிடம் "அந்தக் கணக்குக்காரரைப் பாரு" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு மன்றம் போய்விடுகிறது. சிலைகள் இருந்தன, தண்டனைகள் இருந்தன. முன்பைவிட வெளிச்சமும் ஒலியும் நன்றாகவே இருந்தன. அவற்றின் முன்னால் நின்று சொல்வதற்கும் கேட்பதற்கும் இருந்த நேரம் மட்டும் போய்விட்டது. பதினேழு வயதில் எனக்கு அது உறைக்கவில்லை. அப்பாயி அந்தத் தோட்டத்துக்கு அதற்குப் பிறகு போகவே இல்லை. 1996-ல் இறந்துபோனார்.

புதுப் பூங்கா பத்தாண்டுதான் தாங்கியது. முதல் கூட்டம் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு மறுமுறை வர ஆளில்லை. சவாரி வேண்டுமென்பவர்களுக்கு உலகத்தில் இதைவிடப் பெரிய சவாரிகள் இருந்தன. கதை வேண்டுமென்பவர்களுக்கு அதைச் சவாரி முந்திக்கொண்டு ஓடியது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி டிராகன் வேர்ல்ட் முடிவுக்கு வந்தது. இடம் பயணத்துறைக் கழகத்தின் பொறுப்புக்குப் போனது. நுழைவுக் கட்டணம் நீங்கியது. டிராகனையும் பின்னாளில் இடித்துவிட்டார்கள். நடந்ததை யோசித்துப் பார்த்தால் எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது. நவீனம் என்று கொண்டுவந்து வைத்தவை முதலில் பழசாகிப் போயின. பழசு என்று ஒதுக்கப்பட்ட சிமென்ட் பூதங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. 1992-ல் ஜூரோங்கில் பெருஞ்செலவில் திறந்த டாங் டைனஸ்டி சிட்டிக்கும் அதே கதிதான். 1999-ல் மூடி 2008-ல் இடித்தார்கள். அதுவும் சீனப் பழமையைத்தான் காட்டியது. ஆனால் அது புதிதாகச் செய்த பழமை. அதன் முன்னால் யாருடைய பாட்டியும் யாருக்கும் கதை சொல்லியிருக்கவில்லை.

2008-ல் ஒரு நாள் மதியம் வேலையாக அந்தப் பக்கம் போனவள் தனியாக உள்ளே போனேன். எம்ஆர்டி நிலையம் அப்போது வரவில்லை, அது 2011-ல்தான் வந்தது. தோட்டத்தில் நான் பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கலாம். ஒரு சிலையின் முன்கை உடைந்திருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். வெளியே ரோஸ் நிறம். அதற்கடியில் மஞ்சள் கலந்த வெள்ளை. அதற்கடியில் பழுப்பு. அதற்கும் அடியில் இன்னொரு ரோஸ். முருங்கைப் பட்டை உரிவதுபோல அடுக்கடுக்காக உரிந்திருந்தது. அதற்கு உள்ளே சிமென்ட். சிமென்டுக்குள் துருப்பிடித்த கம்பி வலை, விரல் இருந்த இடத்தில் ஐந்து கம்பி நுனிகள். விரல் நகத்தால் மெதுவாகச் சுரண்டி எண்ணினேன். நான்கு தடவை யாரோ அந்தக் கைக்கு வண்ணம் அடித்திருக்கிறார்கள். அதில் ஒரு ரோஸ் என் 1982-ஆகத்தான் இருக்க வேண்டும்.

அப்போதுதான் எனக்குச் சிலைகளைவிடவும் அந்தக் கைகள் மேல் நினைப்பு போனது. அந்தத் தோட்டத்தில் பதின்மூன்று வயதில் வேலைக்கு வந்து முதுமைவரை இந்தச் சிலைகளுக்கே ஆயுளைக் கொடுத்த ஒரு கைவினைஞர் உண்டு. 8.5 ஹெக்டர் குன்று, 1,000-க்கும் மேற்பட்ட சிலைகள், 150 காட்சிகள். சிங்கப்பூர் வெயிலும் மழையும் சேர்ந்தால் எனாமல் எத்தனை நாள் நிற்கும்? ஒரு கோடியில் அடித்து முடிப்பதற்குள் மறு கோடியில் உரியத் தொடங்கிவிடும். திரும்பவும் முதலிலிருந்து.

இதைப் பற்றிப் பேசும்போது நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு: உனக்கு நினைவு இருக்கிறது என்பதற்காக ஊர் ஏன் இடத்தையும் பணத்தையும் கட்டிக்காக்க வேண்டும்? நியாயமான கேள்வி. இந்தச் சின்னத் தீவில் ஒரு குன்று என்பது சாதாரணச் சொத்தில்லை. எனக்குப் பிடித்தது என்பது ஒரு காரணமே இல்லை என்று நானும் சொல்வேன். செந்தோசாவில் 1982-ல் ஓடத் தொடங்கிய மோனோரயிலில் அப்பாவோடு உட்கார்ந்து தீவைச் சுற்றியது எனக்கு இன்னமும் இனிப்பான நினைவு. 2005-ல் அது நின்றது. தீவுக்குப் போகவும் அங்கே சுற்றவும் வேறு வழி வந்துவிட்ட பிறகு அது நிற்கத்தான் வேண்டும். அது வண்டி. அதன் வேலை முடிந்தது. இசை நீரூற்றும் 2007-ல் போனது. செந்தோசாவின் 37 மீட்டர் மெர்லயன் சிலையை 2019-ல் மூடி இடித்தபோது என் தம்பிக்குக் கோபம் வந்தது. எனக்கு அவ்வளவு வரவில்லை. 1972-ல் ஆற்றுமுகத்தில் வைத்த முதல் மெர்லயன் இன்னும் தண்ணீர் கக்கிக்கொண்டிருக்கிறது, அந்தக் கதைக்கு ஊரில் இடம் இருக்கிறது.

உயிருள்ளவற்றைப் பொறுத்தவரை எனக்குத் தடுமாற்றமே கிடையாது. 1990 டிசம்பரில் நம் விலங்குத் தோட்டத்தில் இனுக்கா என்ற பனிக்கரடிக் குட்டி பிறந்தது. டிராகன் வேர்ல்டுக்குப் போன அதே விடுமுறையில்தான் அதையும் போய்ப் பார்த்தோம். 2018 ஏப்ரலில், முதுமையின் நோய்கள் முற்றியதால், அதை மீளாத் துயிலில் ஆழ்த்தினார்கள். என் மகளுக்கு அப்போது ஏழு வயது, இரண்டு நாள் அழுதாள். இனி இந்த வெப்ப மண்டலத்துக்குப் பனிக்கரடியைக் கொண்டுவருவதில்லை என்று விலங்குத் தோட்டம் முன்பே முடிவெடுத்திருந்தது. அது சரியான முடிவு. 1991-ல் திறந்த அண்டர்வாட்டர் வேர்ல்ட் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தை 2016-ல் மூடி, அங்கிருந்த இளஞ்சிவப்பு டால்பின்கள் சீனாவுக்குப் போனபோதும் பலர் தங்கள் சின்ன வயதுப் படங்களை எடுத்துப் பார்த்துக் கலங்கினார்கள். நம் நினைவுக்காக ஒரு உயிர் குளத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது. எவ்வளவு அருமையான நினைவாக இருந்தாலும் கூடாது.

ஹாவ் பார் வில்லாவின் கணக்கு வேறு. அது யாரையும் வதைக்கவில்லை. அதன் வேலையும் முடியவில்லை. அது சொல்லும் கதைகளைச் சொல்ல ஊரில் வேறு குன்று இல்லை. இதே ஆவ் குடும்பம் ஹாங்காங்கில் 1935-ல் கட்டிய டைகர் பாம் தோட்டத்தை 2004-ல் இடித்தார்கள். மாளிகை மட்டும் மிஞ்சியது. அங்கே உயர்ந்த கட்டடங்கள் வந்துவிட்டன. அந்த ஊர்ப் பாட்டிகள் இனி எந்தச் சுவரைக் காட்டி எமனைப் பற்றிச் சொல்வார்கள்?

எப்படிக் காப்பாற்றுவது என்பதற்கும் நாம் வெளியூர்ப் பூங்காக்களைப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. 1827-ல் தொடங்கிய கோயில். 2023 பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவேன். கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருக்கும். மேலே சாரத்தில் உட்கார்ந்து தமிழ்நாட்டிலிருந்து வந்த சிற்பிகள் சுதைக்கு வேலை செய்துகொண்டிருப்பார்கள். ஒரு நாள் சாரத்திலிருந்து இறங்கிவந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவரின் கையைப் பார்த்தேன். நக இடுக்கில் நீலம், முழங்கையில் மஞ்சள். "அண்ணே, எல்லாத்தையும் புதுசா மாத்துறீங்களா?" என்று கேட்டேன். "மாத்துறதா? விரல் போயிருந்தா விரல், மூக்கு போயிருந்தா மூக்கு. ஆளு அதே ஆளுதாம்மா" என்றார்.

பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை எல்லாம் புதிதாகிறது, எதுவும் மாறுவதில்லை. கோபுரத்து அம்மனைச் சுற்றி யாரும் படகு விடுவதில்லை. பழைய காட்சிப் பொருளை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று உலகத்துப் பூங்காக்காரர்கள் இரண்டு கட்சியாக நின்று பேசுகிறார்கள். கையில் வண்ணத்தோடு தேநீர் குடித்த அந்தச் சிற்பிக்கு அந்தக் கேள்வியே எழவில்லை.

அதே ஆண்டு ஜூன் விடுமுறையில் மகளை ஹாவ் பார் வில்லாவுக்கு அழைத்துப்போனேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க இன்றும் கட்டணம் இல்லை. பத்து மன்றங்களைப் பார்க்க மட்டும் சீட்டு வாங்க வேண்டும், ஏனென்றால் 2021 அக்டோபரில் அந்தப் பகுதி நரக அருங்காட்சியகமாகிவிட்டது. முதலில் குளிரூட்டிய கூடங்கள். மரணத்தைப் பற்றிப் பல சமயங்கள் என்ன சொல்கின்றன, இறந்தவர்களை எப்படி வழியனுப்புகிறார்கள் என்று விளக்கம். அதைத் தாண்டிப் போனால் அதே மாடங்கள். தண்ணீரும் படகும் இல்லை. நடந்து போகலாம், நிற்கலாம்.

கட்டணம் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்த எங்கள் அப்பா மாதிரி ஒருவர் ஐந்து பேருக்குச் சீட்டு வாங்க யோசிப்பார். சிலைகளைப் பார்த்துக்கொள்ளக் காசு வேண்டும் என்பதும் எனக்குப் புரிகிறது. இரண்டையும் ஒன்றாக மனத்தில் வைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

இரண்டாவது மன்றத்தில் மகள் நின்றுவிட்டாள். ரத்தக் குளத்தில் பெண்கள் தத்தளிக்கிறார்கள். பலகையை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, உடம்ப வித்ததுக்குத் தண்டனைன்னு போட்டிருக்கு. வாங்குனவங்க எங்க?"

1982-ல் அந்தப் பலகையை அப்பா வாசிக்கவே இல்லை, வேகமாகத் தாண்டிவிட்டார். அப்பாயியும் கேட்கவில்லை. மகளுக்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அது குறுகிய பதில் இல்லை. அந்தக் குளத்தின் முன்னாலேயே நின்று இருவரும் பேசினோம். கதையைச் செய்தவர்கள் யார், யாருக்காகச் செய்தார்கள், ஏமாற்றப்பட்டும் விற்கப்பட்டும் இந்த ஊருக்குக் கப்பலில் வந்த பெண்கள் எத்தனை பேர் என்றெல்லாம். இந்தக் காலத்துக்கு ஒத்துவராத பலகைகளை எடுத்துவிடலாமே என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். எடுத்துவிட்டிருந்தால் அந்தக் கேள்வி அன்று பிறந்திருக்காது. இன்னும் இருபது வருடம் கழித்து வேறொரு பிள்ளை, நானும் என் மகளும் கவனிக்காத ஒன்றை அங்கே கேட்கும். அதற்காகவும் அந்தக் குளம் அங்கேயே இருக்கட்டும்.

எட்டாவது மன்றத்தில் குடல் உருவப்பட்டவன் இன்னும் மல்லாந்துதான் கிடக்கிறான். அவன் குடலின் சிவப்பு முன்பைவிடச் சற்று அடர்த்தியாக இருந்தது. 'காற்று' கதையைச் சொன்னேன். மகள் என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாள்.

ஆனால் அதற்கு முன்பே, ஐந்தாவது மன்றத்தில்தான் நாங்கள் அதிக நேரம் நின்றோம். அப்பாயி காட்டியதை அவளுக்குக் காட்டினேன்: இவர் நம்ம எமதர்மன், அவர் சித்திரகுப்தன். அப்பாயிக்குத் தெரியாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். யென்லுவோ ராஜா ஆதியில் முதல் மன்றத்தில் இருந்தவராம். அநியாயமாகச் செத்தவர்கள் வந்து அழுதால் மனம் இரங்கி, போய் நியாயம் கேட்டுவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவாராம். இரக்கம் அதிகம் என்று சொல்லி அவரை ஐந்தாவது மன்றத்துக்கு இறக்கிவிட்டார்கள் என்பது சீனர்கள் சொல்லும் கதை.

"எமனுக்கே தண்டனையா?" என்றாள்.

"இரக்கப்பட்டதுக்கு."

"இது உங்க அப்பாயிக்குத் தெரியுமா?"

"தெரியாது. நானே பின்னாடிதான் படிச்சேன்."

"தெரிஞ்சிருந்தா அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்ல."

நான் தலையை ஆட்டினேன். அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தாடிக்கார ராஜாவின் முகத்தை மறுபடியும் பார்த்தாள். அதற்குள் எங்கள் பின்னால் ஒரு குடும்பம் வந்துவிட்டது. கைத்தடி ஊன்றிய ஒரு சீனப் பாட்டி, நாலைந்து வயதுப் பேரன். பையன் மேடையைப் பார்த்து விரலை நீட்டி ஏதோ கேட்டான். பாட்டி தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, மெதுவாகக் குனிந்து, ஹொக்கியனில் சொல்லத் தொடங்கினார். அவருக்கு இடம் போதவில்லை. நானும் மகளும் ஒதுங்கி நின்றோம்.